எல்லார் கையிலும் ஒரு கப்

சுன்ரேயை எனக்கு முதலில் சுத்தமாகப் பிடிக்காது.

எங்கள் தோல் ஃபேக்டரியில் ஏதாவது மெஷின் மக்கர் பண்ணினால் அவள்தான் வருவாள். வந்தவள் மெஷினைப் பார்க்கப் போகமாட்டாள். நேராக என் சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, கொஞ்சம் வெந்நீர்" என்று இழுப்பாள். ஃபேக்டரி முழுவதற்கும் மதியச் சோறு ஆக்குகிறவள் நான். முள்ளங்கிக்கீரை சூப்புக்கு வைத்த வெந்நீரில் அவள் பங்கு கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பையைத் திறந்து மஞ்சள் காபிப் பாக்கெட்டுகளைக் கொத்தாக எடுப்பாள். பேப்பர் கப்புகளில் கொட்டி, வெந்நீர் ஊற்றி, காலிப் பாக்கெட்டையே சுருட்டி அதாலேயே கலக்குவாள். தட்டில் அடுக்கிக்கொண்டு போய் ஷெட்டில் இருக்கும் ஆண்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு வருவாள்.

"இவ ரிப்பேர் பார்க்க வர்றாளா, ஆம்பளைங்களுக்குக் காபி ஊத்த வர்றாளா?" என்று பாத்திரம் கழுவுகிற பெண்ணிடம் கேட்பேன். சுன்ரே காதில் விழ வேண்டும் என்றேதான் கேட்பேன். விழும். அவள் முகம் சிவக்கும். அடுத்த முறை வந்து அதே வாசலில் அதே மாதிரி நிற்பாள்.

ஒரு நாள் பொறுக்காமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உங்க கடையில காசு கொட்டிக் கெடக்கா? போற எடமெல்லாம் ஓசிக் காபி ஊத்துற?"

"இல்லக்கா… கப்பு கையில இருந்தா, கை மெஷினுக்குள்ள இருக்காதுல்ல."

"என்னது?"

"நான் ரெண்டு கையாலதான் நீட்டுவேன். அவங்களும் ரெண்டு கையாலதான வாங்கணும்? சூடா வேற இருக்குமா, ரெண்டு கையும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். எல்லார் கையிலயும் கப்பு இருக்கிறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் நான் பட்டனைத் தொடுவேன்."

ஒருவர் இரண்டு கையால் நீட்டுவதை ஒற்றைக் கையால் வாங்கினால் எங்கள் ஊரில் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். எவ்வளவு முரடனாக இருந்தாலும் இரண்டு கையும் தானாக நீண்டுவிடும். அந்தப் பழக்கத்தை இவள் இப்படி ஒரு காரியத்துக்குப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நான் எங்கே கண்டேன்? அன்றிலிருந்து கேட்டதும் வெந்நீர் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

முழுப் பெயர் போக் சுன்ரே. மேற்குக் கடற்கரையில் உப்பளக் கூலி ஒருவரின் மகள். கையுறை தைக்கிற வேலைக்கு எங்கள் ஆன்சான் நகரத்துக்கு வந்தவள். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வாள். நாய் குரைத்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். அவள் கட்டிக்கொண்ட ஓக் தேசிக் இதற்கு நேர் எதிர். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை டிரைவ் என்போம். அதை ரிப்பேர் பார்ப்பதுதான் அவர் தொழில். ஓடுகிற பெல்ட்டின் மேலேயே காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டுகிற ஆள்.

ஒரு நூடுல்ஸ் ஃபேக்டரியில் மாவு உருளைகளுக்கு நடுவே கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இன்னொரு ஆள் அந்த உருளையின் டிரைவில் இருந்த செட்டிங் எல்லாவற்றையும் அழித்து, அதைச் செய்த ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பினான். நிற்கிற மெஷின் நின்றபடியேதான் இருக்கும் என்று அவன் நினைப்பு. உருளை சுற்றியது. தேசிக்கின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அதற்குப் பிறகு அந்தச் சின்னச் சின்னப் பட்டன்களை அவரால் அழுத்த முடியவில்லை. கடையை விற்றுவிடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சுன்ரே அழுது தீர்த்தாள். பிறகு அவருடைய டூல்ஸ் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கடையில் உட்கார்ந்து போனில் சொல்வார், இவள் போன இடத்தில் அழுத்துவாள். அவர் மூளை, இவள் விரல். வேலை முழுக்கத் தனக்கே பழகிவிட்ட பிறகும் ஒவ்வொரு பட்டனுக்கும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

ஃபேக்டரி செட்டிங் என்ற பேச்சை எடுத்தாலே அவள் முகம் வெளுத்துவிடும்.

"அப்புடிப் பண்ணா டிரைவ் எல்லாத்தையும் மறந்துடும்க்கா. எப்ப நிக்கணும், எந்தப் பக்கம் சுத்தணும், எவ்வளவு மெதுவா கெளம்பணும்னு நாம சொல்லிக் கொடுத்ததெல்லாம் போயிடும். அப்பப் பொறந்த கொழந்தை மாதிரி ஆயிடும்."

"கொழந்தைதான, அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றேன்.

"இந்தக் கொழந்தைக்குப் பத்து மாட்டுப் பலம்க்கா."

எங்கள் ஷெட்டில் மர டிரம்கள் வரிசையாக நிற்கும். படுக்கவைத்த பீப்பாய் மாதிரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வீட்டு உயரம். தோலையும் சாயத் தண்ணீரையும் உள்ளே போட்டுக் கதவை மூடினால், டிரம் உருண்டு உருண்டு தோலைப் புரட்டும். தோலைத் தூக்கித் தூக்கிப் போடுவதற்காக உள்பக்கம் முழுக்க மர முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வப்போது ஒரு ஆள் உள்ளே இறங்கி முளைகளில் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த ஆள் என் புருஷன், மா தொக்சு. வீட்டில் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்க மாட்டார். டிரம்முக்குள் இறங்கிவிட்டால் மட்டும் அப்படி ஒரு சுத்தம்.

டிரம்களின் மேல் பெரிதாக எண் எழுதியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நாலு கிடையாது. எங்கள் பேச்சில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஒலி: 'சா'. டிரம்களை வாங்கிப் போட்ட பெரிய முதலாளி, "ஆள் எறங்குற வாசல்ல சாவுன்னு எழுதி வைப்பாங்களா?" என்று சொல்லி அந்த எண்ணைத் தாண்டிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலேயே நாலாம் மாடி இல்லாத ஊர். யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

ஒரு வருஷம் குளிர்காலத்தில், டிரம்களின் டிரைவெல்லாம் அடுக்கியிருக்கும் பழைய பேனல் போர்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். வெளியூர் ஆள் ஒருவன் வந்து வைத்துக் கொடுத்தான். ஏழு டிரம், ஏழு டிரைவ். அவன் பாட்டுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனான். நாலும் அதில் இருந்தது. ஆக, வெளியே ஐந்து என்று எழுதிய டிரம்முக்குப் பேனலில் நாலாம் பெட்டி. ஆறாம் டிரம்முக்கு ஐந்தாம் பெட்டி. ஏழாம் டிரம்முக்கு ஆறாம் பெட்டி. டிரம்மை ஓட்டுகிற பட்டன்கள் டிரம்முக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பேனல் கதவைத் திறக்கிற வேலை ரொம்ப நாள் யாருக்கும் வரவில்லை. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியும்.

அடுத்து வந்த மழைக்காலம். ஒரு நாள் காலையில் ஒரு பெரிய இடி விழுந்து மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து ஐந்தாம் டிரம் கிளம்பவில்லை. பட்டனை எத்தனை தடவை குத்தினாலும் அசையவில்லை. உள்ளே நல்ல தோல், சாயத்தில் கிடக்கிறது. நின்ற சாயத்தில் கிடந்தால் திட்டுத் திட்டாகக் கறை பிடித்துவிடும். நாம்குங் மேஸ்திரி ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கத்திக்கொண்டே நடந்தார்.

பக்கத்தில் ஆறாம் டிரம்முக்குள் என் புருஷன் சுரண்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக விடுமுறையில், மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலை நடக்கும். அந்த மாதம் ஆர்டர் நெருக்கடி. மற்றது ஓடட்டும், ஆறை மட்டும் நிறுத்தலாம் என்று மேஸ்திரி முடிவு செய்திருந்தார். பேனலில் ஆறு என்று ஸ்டிக்கர் இருந்த பிரேக்கர் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை என் புருஷனிடம் கொடுத்தார். அது ஏழாம் டிரம்முடைய பிரேக்கர். ஏழு அன்றைக்குக் காலியாக நின்றதால் அதற்கு மின்சாரம் போனதை யாரும் கவனிக்கவில்லை. என் புருஷன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, விளக்கு, வாளி, இரும்புச் சுரண்டி சகிதம் உள்ளே இறங்கிவிட்டார். கதவு திறந்திருந்தால் சுற்றாது என்கிற ஏற்பாடெல்லாம் புது டிரம்களில்தான். எங்களுடையது அந்தக் காலத்து மரம்.

சுன்ரே மழையில் நனைந்து வந்து சேர்ந்தாள். இடிக்குப் பயந்து பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. நான் அன்றைக்குக் கெட்டிலை நானே தூக்கிக்கொண்டு பேனல் அறைக்குப் போய் அவளிடம் கொடுத்தேன். ஷெட்டின் ஓரத்தில் சின்ன அறை. அவள் பேனல் கதவைத் திறந்தாள். ஐந்து என்று ஒட்டியிருந்த டிரைவின் முன்னால் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"எந்தப் பிழையும் காட்டலீங்க. சைபர்ல நிக்குது" என்றாள்.

"அப்ப இடியில செட்டிங் கொழம்பியிருக்கும்" என்றது தேசிக்கின் குரல். "முழுசா அழிச்சு ஃபேக்டரி செட்டிங்குக்குக் கொண்டு போ. அப்புறம் ஒண்ணொண்ணாப் போட்டுக்கலாம். பயப்படாத."

பிழை எப்படிக் காட்டும்? அது ஒரு குறையும் இல்லாத ஆறாம் டிரம்முடைய டிரைவ். ஆள் உள்ளே இருப்பதால் சும்மா நின்றுகொண்டிருந்தது.

சுன்ரே காபி கலந்தாள். ஆட்கள் பேனல் அறை வாசலுக்கு வந்து ஒவ்வொருவராக வாங்கினார்கள். அவளைக் கிண்டல் பண்ணுவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. "தங்கச்சி, இன்னிக்குச் சக்கரை தூக்கலா?" என்று ஒருவர். "மெஷின் கெட்டாத்தான் நமக்கு நல்ல காபி" என்று இன்னொருவர். எல்லாரும் வாங்கியும் தட்டில் ஒரு கப் மீதி நின்றது.

"இது யாருது?" என்றாள்.

"தொக்சுவோடது" என்றார் நாம்குங் மேஸ்திரி. "அவன் ஆறுக்குள்ள இருக்கான். நீ ஒன் வேலையப் பாரு."

"அவரைக் கூப்புடுங்க."

"எதுக்கு? ஆறைப் பூட்டியாச்சு. சாவி அவன் பையில. நீ தொடப்போறது அஞ்சு. அஞ்சு வேற, ஆறு வேற. எண்ணத் தெரியும்ல?"

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவர் கையை நீட்டி, "அந்தக் கப்பை இப்புடிக் குடு தங்கச்சி, அவன் காபியே குடிக்க மாட்டான், நான் குடிச்சுக்கறேன்" என்றார். சுன்ரே தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

மேஸ்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. போனை நோக்கிக் குனிந்து கத்தினார். "தேசிக்! தோலு கறை பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒன் பொண்டாட்டி என்னடான்னா இங்க டீக்கடை நடத்துறா. கொஞ்சம் சொல்லு."

தேசிக் விவரம் கேட்டார். ஆள் எந்த டிரம்மில், எது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம். எல்லாவற்றுக்கும் மேஸ்திரி தனக்குத் தெரிந்ததையே சொன்னார். ஒன்றுகூடப் பொய் இல்லை.

"அது வேற டிரைவ் சுன்ரே, பூட்டியும் இருக்கு. பரவால்ல. அழுத்து" என்றார் தேசிக்.

அவள் பட்டன் பக்கம் திரும்பினாள். விரல் போய்ப் பட்டன் மேல் நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி அவள் அழுத்தாத பட்டனே கிடையாது. விரலை எடுத்துவிட்டாள்.

"முடியாதுங்க. பயமா இருக்கு."

"என்ன பயம்? எதுக்கு?"

"தெரியலங்க. கப்பு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நாலு இல்லாத கணக்கு அவள் மண்டையில் ஓடவில்லை. அந்தப் பேனலில் எது எதோடு சேர்ந்தது என்று அவள் யோசிக்கவும் இல்லை. தட்டில் ஒரு கப் நிற்கிறது, ஒரு ஆளின் கைகள் தன் கண்ணுக்குப் படவில்லை, அதனால் பயம். இதைத்தான் எல்லாரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுப்பில் சூப்பு கிடக்கிறது, இவள் மத்தியானம் வரைக்கும் இப்படியே நிற்பாள் போலிருக்கிறது.

"இரு, நான் போய் அந்த மனுஷனை இழுத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

ஆறாம் டிரம்மின் கதவில் சாத்தியிருந்த ஏணியில் ஏறித் தலையை நீட்டினேன். உள்ளே இருட்டு, அழுகல் வாடை. விளக்கை ஒரு முளையில் மாட்டிவிட்டு மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வெளிய வாங்க. காபி."

"ஏன்டி, முப்பது வருஷமா குடும்பம் நடத்துற, நான் காபி குடிக்க மாட்டேன்னு ஒனக்குத் தெரியாது?"

"குடிக்க வேணாம். கையில புடிச்சுக்கிட்டு நில்லுங்க. அந்த ரிப்பேர்க்காரி ஒங்க கையப் பார்க்கணுமாம்."

"என் கையையா? நீ பார்க்காத கையா?"

"நான் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. வர்றீங்களா, நான் உள்ள வரட்டுமா?"

"இந்த ஒரு வரிசைய முடிச்சுட்டு…"

"இப்ப வாங்கன்னா இப்ப!"

நான் இறங்கி வழிவிட, முனகிக்கொண்டே ஏணியில் இறங்கினார். தரையில் காலை வைத்தவர், உடனே திரும்பி மறுபடியும் ஏறப் போனார்.

"எங்க போறீங்க?"

"விளக்கு எரியுதுடி. பேட்டரி தீந்துடும்."

ஏறி, இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். "பேட்டரி நாசமாப் போகட்டும், வாய்யா!" ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் பேனல் அறை வாசலில் நிறுத்தினேன்.

சுன்ரே அந்தக் கப்பை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து, நீட்டினாள். அவரும் வேறு வழி இல்லாமல் இரண்டு கையால் வாங்கினார். அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். சும்மா இருந்தன. தனக்கென்று வைத்திருந்த கப்பை என்னிடம் திணித்தாள். பிறகு திரும்பி, அழுத்தினாள்.

முதலில் ஒரு முனகல் கேட்டது. ஐந்தாம் டிரம் கிளம்புகிறது என்று நினைத்து மேஸ்திரி, "ஆங்!" என்றார். அப்புறம் இரும்பு விழுகிற சத்தம்.

திரும்பினோம். ஆறாம் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏணி தூக்கி எறியப்பட்டுத் தரையில் கிடந்தது. திறந்த கதவு மேலே போனது, கீழே வந்தது. போகும்போதும் வரும்போதும் உள்ளே எரிகிற விளக்கு வாசல் வழியாக எங்கள் முகத்தில் அடித்தது. வாளியும் சுரண்டியும் மேலே போய் விழுந்தன, மறுபடி மேலே போய் விழுந்தன. ஒவ்வொரு முறையும் முளைகளில் மோதி மோதி விழுகிற சத்தம். பிறகு விளக்கு உடைந்து உள்ளே இருட்டாகிவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கதவுக்குள்தான் சற்றுமுன் என் புருஷன் இடுப்பு வரைக்கும் போயிருந்தார்.

"எவன்டா ஆறைப் போட்டது?" என்று மேஸ்திரி அலறினார். எல்லார் கையிலும் கப் இருந்தது. மேஸ்திரி தன் கப்பை வீசிவிட்டு ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஷெட் முழுக்க அமைதியானது. ஆறாம் டிரம் மட்டும் உடனே நிற்கவில்லை. தன் பாரத்தில் இன்னும் கொஞ்சம் உருண்டு, ஒரு கடைசிச் சத்தம் போட்டுவிட்டு நின்றது.

என் புருஷன் என் பக்கத்தில் நிற்கிறார் என்று கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு நம்ப மறுக்கிறது. அவர் கப்பைப் பிடித்தபடியே நின்றார். காபி தளும்பிக் கையில் ஊற்றுகிறது, சுடுகிற உணர்ச்சிகூட இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

சுன்ரே அறையிலிருந்து வெளியே வந்தாள். டிரம்மைப் பார்த்தாள். பிறகு என் புருஷன் கையிலிருந்த கப்பைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, அவர் வலது கையை விரித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எங்கள் பேச்சில் மெஷினை எண்ணுகிற எண்கள் வேறு, விரலை எண்ணுகிற எண்கள் வேறு. விரல் எண்ணும்போது நாலுக்கு 'நெத்' என்போம். அதில் சாவு கிடையாது. ஹனா, துல், செத், நெத், தசொத். அந்தக் கையை விட்டுவிட்டு அடுத்த கையை எடுத்தாள். மறுபடி முதல் கைக்கு வந்தாள். அந்நிய ஆண் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இப்படி எண்ணுகிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சுன்ரே! என்ன சத்தம்? சுன்ரே!" என்று ஜன்னல் திட்டில் போன் கத்திக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்து அவள் காதில் வைத்தேன்.

"தப்பானதை அழுத்திட்டேங்க" என்றாள். "ஆளு வெளியதான் இருக்காரு. கப்பு வாங்கிட்டாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அது ஏன் தானாகச் சுற்றியது என்று பிறகு தேசிக் எனக்கு விளக்கினார். டிரம்மை நிறுத்துகிற பட்டனிலிருந்து டிரைவுக்கு ஒரு வயர் போகிறது. பட்டனை யாரும் தொடாத வரை அந்த வயரில் மின்சாரம் இருக்கும். அப்படி இருந்தால் 'நிறுத்தச் சொல்லவில்லை' என்று அர்த்தம் என்று பேனல் வைத்தவன் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். எல்லாவற்றையும் அழித்ததும் அந்தப் பாடமும் போய்விட்டது. ஃபேக்டரியிலிருந்து வந்தபோது அந்த இடத்தில் மின்சாரம் இருந்தால் 'பின்னோக்கிச் சுற்று' என்றுதான் அதற்குத் தெரியும். சுற்றிவிட்டது. குழந்தை மேல் என்ன குற்றம்?

அன்றைக்கு ஐந்தாம் டிரம்மின் தோல் முழுக்கக் கறை பிடித்துப் போனது. கையாலேயே இழுத்து வெளியே போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பரிமாறுகிறேன், கரண்டி தட்டில் இடித்து இடித்துச் சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம் கேட்டாலே உள்ளே வாளி விழுகிறது. அவர் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து நகர்த்தி வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினார். "இந்தா, நீயும் எண்ணிக்கோ" என்றார். எண்ணினேன். அழுகையில் நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

ஃபேக்டரியை இப்போது நடத்துகிற சின்ன முதலாளி டிரம்களுக்கு எண்ணை மாற்றி எழுதச் சொன்னார். மேஸ்திரியே பிரஷ் பிடித்து எழுதினார். பழைய ஐந்தின் மேல் 'நாலு' என்று எழுதும்போது அவர் கை கோணிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் அந்த டிரம்மின் தலையில் காய்ந்த மீன் ஒன்று, வெள்ளை நூல் சுற்றித் தொங்கியது; கெட்டது அண்டாமல் இருக்க எங்கள் ஊரில் கட்டுவது. யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நாலாம் டிரம்முடைய டிரைவ் இன்னும் கெட்டே கிடந்தது. அதைச் சரிசெய்ய மறுபடி சுன்ரேதான் வர வேண்டும். வர மாட்டாள், தொழிலையே விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். என் வாசலில் வந்து நின்றாள். கேட்பதற்கு முன்னாலேயே கெட்டிலைக் கொடுத்தேன்.

"அக்கா, அண்ணனுக்குக் காபி ஆகாதுல்ல. பார்லித் தண்ணி இருக்கா?"

இருந்தது. ஊற்றிக் கொடுத்தேன்.

இந்த முறை முதலில் பேனலுக்குப் போய், நாலாம் பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர்களைக் கழற்றி வெளியே எடுத்துவைத்தாள். டிரைவ் என்ன உளறினாலும் இனி டிரம் அசைய வழியில்லை. அதற்குப் பிறகும் காபி கலந்தாள். கூப்பிடாமலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். முதலில் வந்து இரண்டு கையையும் நீட்டியவர் நாம்குங் மேஸ்திரி. யாரும் கிண்டல் பண்ணவில்லை, சக்கரை பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொருவரும் கப்பை வாங்கியதும் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஷெட்டில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

"பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா முன்ன மாதிரி இல்ல." எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். "முன்ன ஒங்க எல்லார் பயத்தையும் நான் ஒருத்தியே பட்டுக்கிட்டு இருந்தேன்."

கப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் என்னிடம் நின்றாள். என் ஒரு கையில்தான் கப் இருந்தது. மற்றொரு கை பின்னால் என் புருஷன் பெல்ட்டைப் பிடித்திருந்தது.

"அக்கா, ரெண்டு கை."

"இந்தக் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ அழுத்து."

அவள் போனில், "அழுத்தப் போறேங்க" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அழுத்தினாள்.

எதுவும் சுற்றவில்லை. பேனலுக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அப்படியும் எல்லார் கண்ணும் டிரம்கள் மேலேயே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து மேஸ்திரி, "குடிங்கப்பா, ஆறிப்போச்சு" என்றார்.

என் புருஷன் பார்லித் தண்ணியைக் குடித்து முடித்தார். என் பக்கம் குனிந்து, "பெல்ட்டை விடுடி, எல்லாரும் பார்க்குறாங்க" என்றார்.

"பார்க்கட்டும்" என்றேன். விடவில்லை.